ரஷ்யாவுக்குப் போன எங்கள் தேயிலை

சந்தை திறந்துவிடப்பட்ட காலத்தில் அவரவர் வீட்டில் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னீர்கள். எங்களுக்குக் கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை. அதற்கு முன் அந்த மண்ணில் உருளைக்கிழங்குதான் போட்டுக்கொண்டிருந்தோம்.

எண்பதுகளில் இலைக்குக் கவலையே இல்லை. சோவியத் யூனியன்தான் இந்தியத் தேயிலையை அதிகம் வாங்கிய நாடு. டாலர் கிடையாது, ரூபாயில் கணக்கு. எண்ணெய், இயந்திரம், ஆயுதம் அங்கிருந்து வரும், தேயிலை இங்கிருந்து போகும். ஆண்டுதோறும் எந்தச் சரக்கு எவ்வளவு என்று இரண்டு அரசுகளும் பேசி முடிவு செய்துவிடும். குன்னூர் ஏலத்தில் அவர்களுக்காக வாங்குபவர்கள் இருக்கும்வரை ஃபேக்டரிக்காரர்களும் இலையைப் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் மட்டும் பறிக்கவேண்டும் என்பது பேச்சில்தான் இருந்தது. முற்றல் இலையும் மூட்டையில் போனது, எடைதான் காசு. அதைக் குடிப்பவர் யார், அவருக்குப் பிடிக்கிறதா என்று எங்களிடம் ஒருவரும் சொன்னதில்லை.

1991 டிசம்பரில் அந்த நாடே இல்லாமல் போனது. ஆனால் அடி எங்களுக்கு உடனே விழவில்லை. ரஷ்யாவுக்கு இந்தியா தரவேண்டிய பழைய கடனைச் சரக்காகவே அடைப்பது என்று 1993இல் ஒப்பந்தம் ஆனதால், தேயிலை தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. 1998 ஆகஸ்டில் ரஷ்யப் பணமான ரூபிளின் மதிப்பு சரிந்தது. அப்புறம்தான் அந்த அடி எங்களுக்கு விழுந்தது. 2000 வாக்கில் பச்சைத் தேயிலை கிலோவுக்கு ஐந்து ரூபாய்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை, பறிகூலிக்கே பற்றாது. 'தரம் இல்லை' என்றார்கள். பத்துப் பதினைந்து வருடம் கேட்காத தரத்தை ஒரே நாளில் கேட்டால் விவசாயி எங்கே போவான்? இன்றைக்கும் எனக்கு அந்தக் கோபம் உண்டு.

சரி, சொல்ல வந்தது 2014இல் நடந்தது. வீட்டின் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விட்டிருந்தோம். ரஷ்யாவிலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். அந்த அம்மா இவானவா என்ற ஊரில் துணி ஆலையில் கணக்கு எழுதியவர். தோட்டத்தைப் பார்த்ததும் கையால் தும்பிக்கை மாதிரி காட்டி ஏதோ சொன்னார். அங்கே இந்தியத் தேயிலை யானைப் படம் போட்ட மஞ்சள் பாக்கெட்டில் வருமாம். அதில் ஜார்ஜியாத் தேயிலையும் கலந்திருக்குமாம்.

மகள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். 1992 ஜனவரி 2ஆம் தேதி விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். அந்த ஒரே வருடத்தில் விலைவாசி இருபத்தைந்து மடங்குக்கு மேல் ஏறியது. மகள் கல்யாணத்துக்கென்று வங்கியில் சேர்த்த பணம் வசந்தம் வருவதற்குள் ஒரு ஜோடி பூட்ஸ் விலைக்கு வந்துவிட்டது. அரசு ஆலைகளில் மக்களுக்கும் பங்கு என்று ஆளுக்கொரு வவுச்சர் கொடுத்தார்கள். இவர் அதை ஒரு நிதி நிறுவனத்தில் போட, நிறுவனமே காணாமல் போனது. ஆலை சம்பளத்துக்குப் பதில் துணி கொடுத்ததாம். அதை ரயில் நிலையத்தில் நின்று விற்றிருக்கிறார்.

அப்பாவுக்கு அப்போது எழுபத்தாறு வயது. எல்லாம் கேட்டுவிட்டு, "நாங்க அனுப்புன தேயிலை நல்லா இருந்துச்சான்னு கேளு" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. அத்தனை வருடம் இலை பறித்த மனிதர், குடித்த ஒருவரிடம் அதைக் கேட்க முடிந்தது அன்றைக்குத்தான்.

அந்த அம்மா யோசித்துத்தான் பதில் சொன்னார். பாக்கெட் கிடைத்தால் புத்தாண்டுக்கென்று எடுத்து வைப்பார்களாம். குச்சி நிறைய மிதக்கும், வடிகட்டிக் குடிப்போம் என்றார்.

மறுநாள் பனி விலகுமுன்னே அப்பா கூடையோடு தோட்டத்தில் நின்றார். கொழுந்தாகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தார். அதைக் கையாலேயே உருட்டிக் காயவைத்து, அவர்கள் கிளம்பும் நாளில் ஒரு சின்னப் பொட்டலமாகக் கொடுத்தார்.