பேசத் தயங்கும் மகளை எப்படித் தயார் செய்வது?

வணக்கம். என் மகள் 9ஆம் வகுப்பு படிக்கிறாள். மதிப்பெண்ணில் குறையே இல்லை, ஆனால் குழுவாகச் செய்ய வேண்டிய புராஜெக்ட் என்றால் மற்றவர்களிடம் வேலையைப் பிரித்துக் கொடுக்கக் கூச்சப்பட்டு, முழுவதையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு ராத்திரி கண்விழித்து முடிக்கிறாள், அப்புறம் அதை வகுப்பில் எழுந்து விளக்கச் சொன்னால் குரலே வருவதில்லை. நாளை வேலைக்குப் போகும் இடத்தில் இது அவளைப் பின்னுக்குத் தள்ளிவிடுமோ என்று கவலையாக இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 10 வாழ்க்கைத் திறன்களைப் படித்துப் பார்த்தேன். முடிவெடுப்பது, பிறரோடு பழகுவது, மன அழுத்தத்தைச் சமாளிப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. சரி, வீட்டில் இவற்றைத் தினமும் எப்படிப் பழக்குவது? இப்போதைக்கு, அன்று படித்ததை இரண்டு நிமிடம் எனக்குச் சொல்லிக் காட்டுகிறாள், போனில் பதிவு செய்து அவளே திரும்பக் கேட்கிறாள். தயக்கம் கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிகிறது.

ஆசிரியர்களும், இந்தக் கட்டத்தைத் தாண்டிய பிள்ளைகளின் பெற்றோரும் சொல்லுங்கள். விவாத மன்றத்தில் சேர்க்கலாமா, இல்லை முதலிலேயே பெரிய கூட்டத்தின் முன் நிறுத்தினால் இன்னும் ஒடுங்கிவிடுவாளா? "இந்தப் பகுதியை நீ செய்" என்று நண்பர்களிடம் தயங்காமல் கேட்க உங்கள் பிள்ளைகள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள்?