அப்பா சேர்த்த 412 நாணயங்கள்: எப்படிப் பிரிப்பது, எப்படி மதிப்பிடுவது?

பெட்டிச்சாவி:
வணக்கம். அப்பா போன வருடம் தவறிவிட்டார். நாற்பது வருடமாக அவர் சேர்த்த நாணயங்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன. ஒரு தகரப் பெட்டி, மூன்று ஆல்பம், எட்டுச் சுருக்குப்பை. எண்ணினால் 412 வருகிறது. எனக்கு இதில் அரிச்சுவடிகூடத் தெரியாது.

ஆல்பத்தில் இருக்கும் காசுகளில் பச்சையாக ஒரு பிசுக்கு ஒட்டியிருக்கிறது. அதை எப்படி எடுப்பது? அப்புறம், 1862 என்று போட்ட விக்டோரியா ஒரு ரூபாய் மட்டும் பதினான்கு இருக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற பதிமூன்றை வெள்ளி எடைக்குப் போட்டுவிடலாமா? மொத்தத்தையும் எடைபோட்டு எடுத்துக்கொள்வதாக ஒரு வியாபாரி சொல்கிறார்.

இன்னொன்று. ஒவ்வொரு ரூபாயோடும் அப்பா கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. ஒன்றில் "மே 2". மே மாதம் இரண்டாம் தேதி வாங்கியிருப்பார் என்று நினைத்தேன். ஆனால் மற்றொன்றில் "கீ 4" என்று இருக்கிறது. கீ என்று ஒரு மாதம் கிடையாதே.

கறுத்திருந்த ஒரு ரூபாயைப் பற்பசை போட்டுத் தேய்த்தேன். பளிச்சென்று வந்துவிட்டது. மற்றவற்றையும் அப்படியே செய்யட்டுமா?

துலாக்கோல்:
பற்பசையை முதலில் தூர வையுங்கள். இனி ஒரு காசையும் தேய்க்காதீர்கள். வெள்ளி கறுப்பது அழுக்கு அல்ல, காற்றிலிருக்கும் கந்தகம் பட்டு உண்டாகும் மெல்லிய படலம். அதற்குக் கீழே, அச்சில் அடிக்கும்போது உலோகம் பரவிய நுண்ணிய கோடுகள் இருக்கும். புதுக்காசை விளக்கடியில் சாய்த்தால் சக்கரத்தின் ஆரம்போல ஒளி சுற்றி வருவது அந்தக் கோடுகளால்தான். பற்பசை அவற்றைச் சீவிவிடும், திரும்ப வராது. துலக்கிய காசைச் சேகரிப்பவர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள், விலையும் விழுந்துவிடும்.

பச்சைப் பிசுக்குக்குக் காரணம் அநேகமாக ஆல்பத்தின் பிவிசி உறைதான். நாளாக ஆக அந்தப் பிளாஸ்டிக் சிதைந்து உலோகத்தை அரிக்கத் தொடங்கும். உறை தொட்டால் மெத்தென்று இருந்து, ஒரு காரமான நெடியும் வந்தால் அதுவேதான். காசுகளை இன்றே வெளியே எடுங்கள். கலப்பில்லாத அசிட்டோன் வாங்கிக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காசைச் சில நிமிடம் ஊறவிட்டு, புது அசிட்டோனில் ஒருமுறை அலசி, துடைக்காமல் உலரவிடுங்கள். நகப்பூச்சு நீக்கும் திரவம் வேண்டாம், அதில் நிறமும் எண்ணெயும் கலந்திருப்பார்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பே கூடாது. செம்புக் காசில் கல்லாக இறுகிப்போன பச்சை வேறு விஷயம், அதைத் தொடாதீர்கள். திரும்ப வைக்கும்போது, பிவிசி கலக்காத மைலார் என்ற பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

வியாபாரியிடம் "பிறகு சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். சீட்டையும் காசையும் பிரித்துவிடவில்லையே?

பெட்டிச்சாவி:
நல்லவேளை கேட்டேன், மிக்க நன்றி. தரையில் பரப்பி வைத்தபோது இரண்டு மூன்று சீட்டு கலந்துவிட்டது. மற்றவை அப்படியே இருக்கின்றன.

ஓரக்கோடு:
மேலே சொன்னதோடு என் பங்குக்கு. பிரிக்கும் முன் ஒவ்வொரு பையையும் இருந்த நிலையிலேயே படம் எடுங்கள், பைக்கு ஓர் எண் கொடுங்கள். எந்தக் காசு எதனோடு இருந்தது என்பதே ஒரு தகவல். அப்புறம் நாடு, மதிப்பு, ஆண்டு, நாணயச்சாலைக் குறி (எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் சிறு அடையாளம்) என்று பிரித்துக்கொண்டு போகலாம். கீழே மெத்தென்ற துணி விரித்து, காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். முகத்தில் விரல் பட்டால் ரேகை அப்படியே பதிந்து கறுக்கும்.

0.01 கிராம் வரை காட்டும் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். விக்டோரியா ரூபாய் 11.66 கிராம், 91.7 சதவீதம் வெள்ளி. பிரிட்டிஷ் சவரன் 7.98 கிராம், 22 காரட், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர். புழங்கித் தேய்ந்த காசு சற்றுக் குறையலாம், ஆனால் கூடுதலாக எடை காட்டினால் சந்தேகப்படுங்கள். ஆண்டை வைத்தே வெள்ளியைப் பிரித்துவிடலாம். பிரிட்டனில் 1919 வரை 92.5 சதவீதம், 1920 முதல் 1946 வரை பாதி, அதன்பின் புழக்கக் காசில் வெள்ளியே இல்லை. அமெரிக்கக் கால் டாலரில் 1964 வரை 90 சதவீதம். 1947இன் இந்திய ரூபாய் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். ஒட்டுகிறதே, போலி என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

பழைய ஆண்டு என்றாலே விலை என்றும் எண்ண வேண்டாம். ஆஸ்திரிய ராணி மரியா தெரேசாவின் உருவத்தோடு 1780 போட்ட வெள்ளிக் காசு இருந்தால், அது அந்த ராணி இறந்த ஆண்டு. அதே ஆண்டைப் போட்டு அதற்குப் பின்னும் இருபதாம் நூற்றாண்டு வரை அடித்தார்கள், லண்டன், ரோம், பம்பாய் உட்படப் பல ஊர்களில். கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, சாமி படம் என்று இருக்கும் காசுகளுக்கு யாராவது பெரிய விலை சொன்னால் நம்பாதீர்கள். கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை.

பூதக்கண்ணாடி:
அந்தப் பதினான்கு ரூபாயைத் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள்! உங்கள் அப்பா என்ன செய்திருக்கிறார் என்று எனக்குப் புரிகிறது.

பழைய வருடக் காசு என்றால் சராப்புகள், அதாவது காசு மாற்றும் வியாபாரிகள், வட்டம் என்று ஒரு கழிவு பிடித்துக்கொண்டு மதிப்பைக் குறைப்பார்கள். அதைத் தடுக்க 1862 என்ற ஆண்டை மாற்றாமல் 1874 வரை அதையே அடித்தார்கள். பம்பாய் நாணயச்சாலை மட்டும் உண்மையான வருடத்தை அடையாளம் காண நுண்ணிய புள்ளிகள் வைத்தது. சில பின்பக்கத்தில் மேலே இருக்கும் பூவுக்கு அடியில், சில ஆண்டு எண்ணுக்குக் கீழே. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பாருங்கள். "மே" மேலே, "கீ" கீழே. என் ஊகம் சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.

பெட்டிச்சாவி:
கை நடுங்குகிறது. "மே 2" சீட்டோடு இருந்த காசில் பூவுக்கு அடியில் ஊசி முனை அளவில் இரண்டு புள்ளி! வெறும் கண்ணுக்குத் தூசிதான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா விளக்கைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்ன பார்க்கிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அடுத்து, மதிப்பை எப்படித் தெரிந்துகொள்வது?

துலாக்கோல்:
முதலில் தரம். சேகரிப்பவர்கள் 1 முதல் 70 வரையான ஷெல்டன் அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 60உம் அதற்கு மேலும் என்றால் புழங்காத காசு. விக்டோரியாவின் கன்னம், புருவத்துக்கு மேலே முடி, இந்த உயர்ந்த இடங்கள்தான் முதலில் தேயும், அங்கே பாருங்கள். இணையத்தில் ஆளாளுக்குக் கேட்கும் தொகை விலை ஆகாது. முடிந்த ஏலங்களில் அதே வகை, அதே தரம் எவ்வளவுக்குப் போனது என்று தேடுங்கள். எல்லாக் காசையும் தரச்சான்றுக்கு அனுப்ப வேண்டாம், கட்டணமே காசின் விலையைத் தாண்டிவிடும். தேறுகிற சிலவற்றை மட்டும் அனுப்புங்கள். குறைந்தது இரண்டு பேரிடம், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லாமல், தனித்தனியாக மதிப்புக் கேளுங்கள்.

பெட்டிச்சாவி:
பதினான்கையும் பார்த்து முடித்தேன். கலந்துபோன சீட்டுகளையும் புள்ளியை எண்ணியே சேர்த்துவிட்டேன். கடைசியாக மிஞ்சியது நான் பற்பசை போட்ட காசு. ஆண்டுக்குக் கீழே நான்கு புள்ளி. அதன் சீட்டில் "கீ 4" என்பதற்குக் கீழே அப்பா எழுதியிருக்கிறார்: "கை படாதது".

பூதக்கண்ணாடி:
மனதைத் தளரவிடாதீர்கள். வகை அதேதான், சேகரிப்பில் அதன் இடமும் அப்படியே இருக்கிறது. எப்போதாவது விற்றால் துலக்கியது என்பதைச் சொல்லியே விற்கவேண்டும், அவ்வளவுதான்.

பெட்டிச்சாவி:
சரி. ரூபாய்களை விற்கப் போவதில்லை, பதினான்கும் ஒன்றாகவே இருக்கட்டும். அந்தச் சீட்டில் அப்பாவின் எழுத்துக்குக் கீழே பென்சிலால் "துலக்கப்பட்டது" என்று எழுதி, தேதியும் போட்டு வைத்துவிட்டேன். நாளை மூன்றாவது பையைப் பிரிக்கிறேன். முழுக்கச் செம்பு. படம் எடுத்துவிட்டு வருகிறேன்.