வெண்புள்ளி வைரஸ் இறாலின் நோய் எதிர்ப்புச் சமிக்ஞையை எப்படிக் குலைக்கிறது?

தொண்டி வளர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். தொண்டிப் பக்கம் வனாமி இறால் வளர்க்கிறோம். மழை பிடித்து நீர் குளிர்ந்ததும் இறால்கள் தீவனத்தைத் தொடாமல் கரையோரம் ஒதுங்கின. தலையோட்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது உட்புறத்தில் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகள் இருந்தன, பி.சி.ஆர். சோதனையும் வெண்புள்ளி வைரஸை உறுதி செய்தது. தீவனத்தில் எதிர்ப்புச் சக்தி மருந்து கலக்கச் சொல்கிறார்கள். இறாலுக்கென்று எதிர்ப்புச் சக்தி இருந்தும் இந்த வைரஸ் அதை எப்படி மீறுகிறது?

மண்டபம் ஆய்வு மாணவி:
அண்ணா, இறாலின் உடலில் நம்மைப் போல எதிர்ப்பொருள் உருவாவதில்லை. வைரஸ் நுழைந்ததைச் செல் உணர்ந்ததும், ஜாக்-ஸ்டாட் என்னும் சமிக்ஞைப் பாதை விழித்து, ஸ்டாட் புரதம் செல்லின் உட்கருவுக்குள் சென்று, பாதுகாப்பு மரபணுக்களை இயக்க வேண்டும். மனிதச் செல்லில் டெங்கு வைரஸ் தன் என்.எஸ்.5 புரதத்தைக் கொண்டு ஸ்டாட்2 புரதத்தைச் சிதைத்துவிடுகிறது. அது நேரடியான தடுப்பு.

வெண்புள்ளி வைரஸின் வழி அதைவிடக் கொடியது என்பேன். தொற்றின் தொடக்கத்திலேயே வேலை செய்யும் ஐ.இ.1 என்ற அதன் மரபணுவின் இயக்கப் பகுதியில், இறாலின் ஸ்டாட் புரதம் வந்து ஒட்டிக்கொள்வதற்கான இடம் அமைந்திருப்பதைத் தைவான் ஆய்வாளர்கள் 2007இல் காட்டினார்கள். காப்பாற்ற வந்த ஸ்டாட்டே வைரஸின் மரபணுவை முடுக்கிவிடுகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். ரெலிஷ் என்னும் இறாலின் இன்னொரு பாதுகாப்புப் புரதத்தையும் அதே மரபணுவுக்காக வைரஸ் பயன்படுத்திக்கொள்கிறது.

தொண்டி வளர்ப்பாளர்:
அப்படியானால், எதிர்ப்பைத் தூண்டும் மருந்து வைரஸுக்கே உதவிவிடாதா?

மண்டபம் ஆய்வு மாணவி:
எல்லா மருந்தும் உதவிவிடும் என்று சொல்ல முடியாது, அண்ணா. ஒவ்வொன்றும் வேறு வேறு பாதையைத் தொடுகிறது. ஆனால், எதிர்ப்பைத் தூண்டினாலே இறால் பிழைத்துவிடும் என்ற கணக்கு இந்த வைரஸிடம் செல்லாது. நோய் கண்ட குளத்துக்கு அதை வாங்கிச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

தேவிபட்டினம் பண்ணையாளர்:
தம்பி, தங்கை சொல்வது சரி. சாவு தொடங்கினால் மூன்று முதல் பத்து நாளுக்குள் குளமே காலியாகிவிடும். விற்கும் அளவுக்கு வளர்ந்திருந்தால் உடனே பிடித்துவிடுங்கள். குளோரின் போட்டுக் கிருமி நீக்காமல் அந்த நீரைத் தயவுசெய்து ஓடையில் திறந்துவிடாதீர்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் அதே ஓடையிலிருந்துதான் நீர் இறைப்பார். நண்டும் இந்த வைரஸைச் சுமக்கும் என்பதால், அடுத்த முறை குஞ்சு விடுவதற்கு முன்பே குளத்தைச் சுற்றி நண்டு வேலி கட்டி, பி.சி.ஆர். பார்த்த குஞ்சுகளை மட்டும் வாங்குங்கள்.