மூடல்பெட்டி தந்ததா, இரவலா?

குளக்கட்டான்:
முல்லைத்தீவில் முத்தையன்கட்டுப் பக்கம் சனசமூக நிலையத்தின் பின்னறையில் நாங்கள் நாலு பேர் ஊர்ப்பொருள்கள் சேர்க்கத் தொடங்கி எட்டு மாதம். உரல், திருகை, அரிசி அளக்கும் கொத்து, போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது எரித்த ஜாம் போத்தல் விளக்கு ஏழு. ஏழும் ஒரே மாதிரி, ஆனால் யாரும் தங்களுடையதைப் பின்னுக்கு வைக்க விடுகிறார்கள் இல்லை.

போன கிழமை ஓர் ஆச்சி தந்த மூடல்பெட்டியை, அதுதான் மூடியுள்ள பனையோலைப் பெட்டியை, அவருடைய மகன் வந்து திருப்பிக் கேட்டார். அது தந்ததா, இரவலா? எங்களிடம் ஒரு வரி எழுத்தில்லை. ஆச்சியும் இப்போது இல்லை. கொடுத்துவிட்டோம். மற்றவற்றுக்கு என்ன செய்வது? நாட்டு வைத்தியம் செய்த ஒரு பரியாரியார் வீட்டு ஓலை ஏட்டுக்கட்டும் வந்திருக்கிறது, ஓரமெல்லாம் பூச்சி அரித்த தூள்.

பழைய கொப்பி:
தம்பி, முதலில் ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த மட்டை போட்ட பெரிய கொப்பி, வாங்குங்கள். பொருளுக்கு ஓர் இலக்கம், தந்தவர் பெயர், அன்பளிப்பா இரவலா, இரு பக்கத்துக் கையெழுத்து. ஒரு பிரதி அவருக்கு. பனையோலைப் பெட்டியில் மையால் எழுதவோ செலோடேப் ஒட்டவோ வேண்டாம், அட்டைத்துண்டை நூலில் கட்டினால் போதும். விளக்கு ஏழையும் வையுங்கள். பஞ்சில் எவ்வளவு மண்ணெண்ணெய் விட்டார்கள், எத்தனை பிள்ளைகள் சுற்றியிருந்து படித்தார்கள் என்று வீட்டுக்கு வீடு கேளுங்கள். அப்போது ஏழும் ஒன்றாக இருக்காது.

ஏடு பார்ப்பவன்:
ஏட்டுக்கட்டை இன்றைக்கே மற்றப் பொருள்களிடமிருந்து பிரியுங்கள், பூச்சி பரவும். வெயிலில் போடாதீர்கள், ஈரத்துணியும் வேண்டாம். மென்மையான தூரிகையால் தூளைத் தட்டலாம். எண்ணெய் பூசும் வேலையைப் பழகியவரிடம் விடுங்கள். யாழ்ப்பாணத்தில் நூலக நிறுவனம் ஏடுகளை மின்வடிவாக்குகிறது, கேட்டுப் பாருங்கள்.

வவுனியாக்காரி:
வயல் உழும்போது வந்த பானை ஓடு, பழங்காசு என்று யாராவது நீட்டினால் அவசரப்படாதீர்கள். 1815 மார்ச் 2க்கு முந்தியவை 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்துக்குள் வரும், தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். போர்க்கால ஷெல் (எறிகணை) கோது கொண்டுவந்தால் தொடவே வேண்டாம். வெளியே விட்டு விலகிப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

குளக்கட்டான்:
நேற்றுக் கொப்பியோடு போனேன். ஆறாவது விளக்கு தந்த அக்கா, அது தன்னுடையதே இல்லை என்கிறார். இடம்பெயர்ந்தபோது அயல்வீட்டாருடையது மூட்டையில் மாறி வந்துவிட்டதாம். தந்தவர் என்ற இடத்தில் இரண்டு பெயரையும் எழுதிவிட்டேன்.