புதிதாக வருபவர்களுக்கு ஆடியோ கேம்களை எப்படி அறிமுகப்படுத்துவது?

செவிவழி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திருச்சியில் வேலை. சனிக்கிழமைகளில் ஆறு பேருக்கு கம்ப்யூட்டரும் போனும் சொல்லித்தருகிறேன். பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர், இருவருக்கும் லோ விஷன், அதாவது கொஞ்சம்தான் பார்வை தெரியும். ஒரு கல்லூரி மாணவி. 26 வருடம் பஸ் கண்டக்டராக இருந்து, சர்க்கரையால் விழித்திரை கெட்டு, மூன்று வருடமாக வீட்டோடு இருக்கும் ஒரு ஐயா. இன்னும் இரண்டு பேர்.

திரையைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்டு ஆடும் ஆடியோ கேம் என்றால் எனக்கு உயிர். ஹாஸ்டலில் இருந்தபோது சீனியர் அண்ணன் ஒருவர் ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டு "எ ப்ளைண்ட் லெஜண்ட்" விளையாட வைத்தார். 2015இல் பிரான்சில் டோவினோ என்ற நிறுவனம் வெளியிட்ட ஆட்டம் அது. எட்வர்ட் பிளேக் என்ற கண் தெரியாத வீரன் நாம்தான், மகள் லூயிஸ் எந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிறாளோ அந்தப் பக்கம் நடக்க வேண்டும், வாள் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையில் விரலை இழுக்க வேண்டும். அன்று இரவு நான் தூங்கவே இல்லை. அதுவரை விளையாட்டு என்றால் மற்றவர்கள் ஆடுவதை ஓரமாக உட்கார்ந்து கேட்பது என்றே இருந்தவன் நான்.

அந்த அனுபவம் இவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று பதினைந்து ஆட்டங்களின் லிங்க், ஒவ்வொன்றுக்கும் நாலு வரி விளக்கம் என்று எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இரண்டு வாரம் ஆகிறது, ஒருவர்கூட எதையும் இறக்கிப் பார்க்கவில்லை. கண்டக்டர் ஐயா "இந்த வயசுல எனக்கு எதுக்குப்பா விளையாட்டு" என்றார். ஒரு பையனின் அம்மா, பரீட்சை நேரத்தில் இதெல்லாம் வேண்டாமே என்று போனிலேயே சொல்லிவிட்டார். எங்கே தவறுகிறேன் என்று தெரியவில்லை. உங்களில் யாராவது புதியவர்களை இதற்குள் கொண்டுவந்திருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

குரல்கொடி எழுதியது:

தம்பி, உங்களுக்கு அந்த சீனியர் லிங்க் அனுப்பவில்லை, ஹெட்போனை மாட்டிவிட்டார். நீங்களே எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள்.

பதினைந்து பெயர் கொடுத்தால், இப்போதுதான் டாக்பேக்கில் (போன் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் ஆண்ட்ராய்டு வசதி) இரண்டு விரலால் நகர்த்தப் பழகும் ஒருவருக்கு அது பதினைந்து வேலை. ஒரே ஒரு ஆட்டத்தை எடுங்கள். நீங்களே நிறுவி, முதல் மெனுவைத் தாண்டி, விளையாடத் தயாராக வைத்து அவர் கையில் கொடுங்கள். பல ஆட்டங்களில் சத்தங்களை மட்டும் தனியாகக் கேட்டுப் பழக ஒரு மெனு இருக்கும், "லேர்ன் கேம் சவுண்ட்ஸ்" என்று. புதியவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் யாருக்குச் சொல்லித்தந்தாலும் முதல் நாள் அந்த மெனுவோடு சரி. இது கதவு, இது எதிரியின் காலடி, இது உன் காலடி. பார்வையற்றோர் கிரிக்கெட் பழகப் போனவர்களுக்குத் தெரியும், முதல் நாளே கையில் பேட் கொடுக்க மாட்டார்கள். உள்ளே பால்ரஸ் போட்ட அந்த பிளாஸ்டிக் பந்தைத் தரையில் உருட்டி உருட்டிக் கேட்க வைப்பார்கள். அதே பாடம்தான் இங்கேயும்.

அப்புறம் சில சின்ன விஷயங்கள், ஆனால் ஆட்டத்தையே கெடுப்பவை. ஒரு ஹெட்போனை ஆளுக்கு ஒரு காதாகப் பங்கு போட்டுச் சொல்லித்தராதீர்கள். இடது வலது வித்தியாசத்தில்தான் முழு ஆட்டமும் இருக்கிறது, ஒரு காதில் மட்டும் கேட்டால் வெறும் இரைச்சலாக இருக்கும். கடையில் ஸ்ப்ளிட்டர் கிடைக்கும், ஒரு ஜாக்கில் இரண்டு ஹெட்போன் மாட்டலாம், நீங்களும் கூடவே கேட்கலாம். போனில் அணுகல்தன்மைப் பகுதியில் "மோனோ ஆடியோ" அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இயங்கினால் இரண்டு காதிலும் ஒரே சத்தம்தான் வரும், புதியவர் "எனக்குத் திசை தெரியவில்லை, என் காது சரியில்லை போல" என்று நினைத்து விட்டுவிடுவார். எனக்குத் தெரிந்த ஒரு பெண் அப்படித்தான் ஒரு வருடம் இந்தப் பக்கமே வரவில்லை. ப்ளூடூத்தும் வேண்டாம், பட்டனை அழுத்தியதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவில் இடைவெளி விழும். கம்பி போட்ட சாதாரண ஹெட்போன் போதும்.

விரலை இழுத்து ஆடும் ஆட்டம் என்றால் டாக்பேக் குறுக்கே நிற்கும். ஒலியைக் கூட்டும் குறைக்கும் பட்டன்கள் இரண்டையும் சேர்த்துச் சில விநாடி அழுத்தி அதை நிறுத்தவும் திரும்பக் கொண்டுவரவும் முதலில் பழக்குங்கள். புதியவர்களின் பெரிய பயம் அதுதான், "இதை அணைத்துவிட்டால் என் போன் செத்துவிடுமே" என்று.

இரண்டாவது_இன்னிங்ஸ் எழுதியது:

குரல்கொடி அம்மா சொன்னது எல்லாம் சரி. நான் அந்தக் கண்டக்டர் ஐயாவுக்காகப் பேசுகிறேன். எனக்கு 48 வயதில் பார்வை போனது, கிளாக்கோமா என்ற கண் நோயால்.

பார்வை போனால் காது தானாகவே கூர்மையாகிவிடும் என்று ஊரே நம்புகிறது, நாமும் பாதி நம்புகிறோம். என் காது அப்படி ஒன்றும் மாறவில்லை. சின்ன வயதிலிருந்தே சத்தத்தை வைத்து வாழ்பவர்களுக்குப் பழக்கத்தில் வந்த ஒன்று அது, எங்களைப் போல் நடுவயதில் வந்தவர்களுக்கு அது இல்லை. எனக்கு முதலில் கொடுக்கப்பட்டது ஒரு சண்டை ஆட்டம். ஐந்து நிமிடத்தில் எட்டு தடவை செத்தேன். வீட்டில் தண்ணீர் டம்ளரைத் தேடிப் பிடிக்கவே அப்போது தடுமாறிக்கொண்டிருந்தேன், விளையாட்டிலும் தோற்க எனக்குத் தெம்பு இல்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்தவன் ஆறு மாதம் தொடவில்லை.

என்னைத் திரும்பக் கொண்டுவந்தது ப்ளேரூம். க்வென்டின் என்ற பெயரில் ஒருவர் செய்தது, இணையத்தில் மேசை போட்டு உட்கார்ந்து ஊனோ, நைன்டி நைன் போன்ற சீட்டாட்டங்கள், பகடை ஆட்டங்கள் எல்லாம் ஆடலாம். அவசரமே இல்லை. உங்கள் முறை வரும்போது, திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடர் மென்பொருள் உங்கள் கையில் இருக்கும் சீட்டைப் படிக்கும், மேலும் கீழும் அம்புக்குறியில் நகர்ந்து ஒன்றைப் போட வேண்டியதுதான். காது திசை பிடிக்க வேண்டியதில்லை. ஆட்டத்தைவிட எனக்கு முக்கியமாக இருந்தது, மேசையில் இருந்தவர்கள் நடுநடுவே எழுதிக்கொண்ட அரட்டை. வேறு வேறு நாட்டு ஆட்கள், எல்லோரும் என்னைப் போலத்தான், யாரும் "ஐயோ பாவம்" என்று சொல்லவில்லை, தயவு பார்க்காமல் என்னைத் தோற்கடித்தார்கள். பார்வை போனபின் என்னைச் சரிசமமாக நடத்திய முதல் இடம் அதுதான் என்று சொல்வேன்.

ஆங்கிலம் தடை இல்லையா என்றால், தடைதான். ஆனால் சீட்டாட்டத்தில் திரும்பத் திரும்ப வருவது நாற்பது ஐம்பது சொற்கள். அவற்றை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும். கதை சொல்லும் ஆட்டங்களில் அப்படி முடியாது, அவற்றை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

பி1_ஆல்ரவுண்டர் எழுதியது:

இரண்டாவது இன்னிங்ஸ் ஐயா மன்னிக்கணும், பையன்களுக்கு இது ஒத்துவராது. பதினாறு வயதில் என்னை யாராவது சீட்டாட உட்கார வைத்திருந்தால் ஓடியிருப்பேன். வகுப்பில் எல்லோரும் ஃப்ரீ ஃபயர் பேசுகிறார்கள், அவனுக்கும் பேச ஏதாவது வேண்டும். வேகம், அடிதடி, பேய், இதுதான் வேண்டும்.

வீட்டில் ஓரளவு ஓடும் பழைய விண்டோஸ் லேப்டாப் இருந்தால் டாப் ஸ்பீட் போதும், இலவசம். கார் ரேஸ். பக்கத்து சீட்டிலிருந்து ஒரு குரல் "ஈஸி லெஃப்ட்", "ஹார்ட் ரைட்" என்று வளைவைச் சொல்லும், இஞ்சின் சத்தம் இடமும் வலமும் நகர்வதை வைத்து ரோட்டின் ஓரத்துக்குப் போகிறோமா என்று தெரியும். பிடித்துப்போனால் பிறகு "தி வேல்" பக்கம் போகலாம். 2021இல் வந்தது, கனடாக்காரர்கள் செய்தது, காசு கொடுத்து வாங்க வேண்டும். பிறவியிலேயே பார்வையில்லாத இளவரசிதான் கதாநாயகி, இடமா வலமா நேரா என்று கேட்டுக் கேடயத்தைத் திருப்ப வேண்டும். பெரிய நிறுவனங்களும் இப்போது இறங்கிவிட்டன என்பதையும் பையன்களிடம் சொல்லுங்கள். "தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2" ஆட்டத்தைப் பார்வையில்லாமலே கடைசிவரை முடித்தவர்கள் இருக்கிறார்கள், 2023இன் ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட்டில் பார்வையற்றவர்கள் கார் ஓட்டவே தனி வசதி வைத்திருக்கிறார்கள். கன்சோல் விலை நம்மில் பெரும்பாலானவர்களுக்கு எட்டாது, அது வேறு விஷயம். இருந்தாலும் தெரிந்திருக்க வேண்டும்.

சொல்லித்தருபவருக்கு இரண்டு குறிப்பு. தனி ஆட்கள் செய்த ஆட்டங்களைத் திறந்தால் விண்டோஸ் ஒரு எச்சரிக்கைப் பெட்டி போட்டு நிறுத்தும். "மோர் இன்ஃபோ" அழுத்தினால்தான் "ரன் எனிவே" பட்டனே தெரியும். புதியவர் வைரஸ் என்று பயந்து மூடிவிடுவார். செய்தவரின் சொந்தப் பக்கத்திலிருந்து இறக்கியதுதானா என்று உறுதி செய்துகொண்டு நீங்களே அதைத் தாண்டிக் கொடுங்கள். இன்னொன்று, தானே பேசும் ஆட்டங்களில் என்விடிஏவும் (விண்டோஸில் ஓடும் இலவச ஸ்க்ரீன் ரீடர்) கூடவே பேசிக் குழப்பும். என்விடிஏ கீயோடு (வழக்கமாக இன்சர்ட்) ஷிஃப்ட், எஸ் சேர்த்து அழுத்தினால் அந்த ஆட்டத்துக்குள் மட்டும் அது தூங்கிவிடும். லேப்டாப் விசை அமைப்பு வைத்திருந்தால் எஸ்ஸுக்குப் பதில் இசட். என்விடிஏ வழியாகவே பேசும் ஆட்டத்தில் இதைச் செய்துவிடாதீர்கள், சுத்தமாக ஊமையாகிவிடும்.

மைதிலி_அம்மா எழுதியது:

என் மகனுக்கு லோ விஷன். லோ விஷன் பிள்ளைகளை இங்கே யாரும் தனியாகப் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

இந்தப் பிள்ளைகள் மூக்கு திரையில் இடிக்கும்வரை குனிந்தாவது கண்ணால்தான் ஆடப் பார்ப்பார்கள். "இது பார்வையற்றவர்களுக்கான விளையாட்டு" என்று நீங்கள் சொன்ன நிமிடமே அவர்கள் காதை மூடிக்கொள்வார்கள். என் மகன் "நான் ஒண்ணும் ப்ளைண்ட் இல்ல" என்று கத்திவிட்டுப் போனான், நான் அன்று ராத்திரி அழுதேன். கரண்ட் போன ஒரு நாள், அவன் சித்தப்பா பிள்ளைகள் வந்திருந்தபோது, இருட்டில் என்ன செய்வது என்று லேப்டாப்பில் க்ரேஸி பார்ட்டி என்ற ஆடியோ கேம் போட்டேன், சின்னச் சின்ன ஆட்டங்களாக வரும். கண் நன்றாகத் தெரியும் பிள்ளைகள் திணற, இவன் ஒன்றன்பின் ஒன்றாக ஜெயித்தான். அதற்குப் பிறகு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதனால் முடிந்தால் பார்வை உள்ள அண்ணன் தங்கைகளையும் சேர்த்து உட்கார வையுங்கள். 1997லேயே ஜப்பானில் கென்ஜி ஈனோ என்பவர் படமே இல்லாத ஒரு ஆட்டத்தை சேகா சாட்டர்ன் என்ற கேம் கன்சோலுக்குச் செய்தார். பார்வை உள்ளவரும் இல்லாதவரும் ஒரே நிலையில் ஆட வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

பரீட்சை என்று சொன்ன அந்த அம்மாவிடம், இதனால் கவனம் கூடும், காது பயிற்சி ஆகும் என்றெல்லாம் சொல்லி விற்காதீர்கள். கீபோர்டு பழகும் என்பது உண்மைதான், ஆனால் மற்ற பிள்ளைகள் விளையாட யாராவது காரணம் கேட்கிறார்களா? "ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், அவன் வயதுப் பையன்கள் மாதிரி" என்று மட்டும் சொல்லுங்கள். எனக்கு அப்படி ஒருவர் சொல்லியிருந்தால் முன்பே புரிந்திருக்கும்.

செவிவழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பையன்கள் இருவருக்கும் ஸ்ப்ளிட்டர் போட்டு டாப் ஸ்பீட் வைத்தேன், ஒருவன் தங்கையையும் கூட்டி வரச் சொல்லியிருந்தேன். கண்டக்டர் ஐயாவுக்கு ப்ளேரூம் என்று நினைத்து வேறொரு கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருந்தேன். ஆனால் அவர் அங்கே போகவில்லை. பையன் ஒருமுறை ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் விட்டதும் "இந்த வண்டி ரெண்டாவது கியர்லயே உறுமுதே, மாத்தச் சொல்லு" என்றார். 26 வருடம் பின்படியில் நின்று கேட்ட காது. மேனுவல் கியரில் வைத்து ஹெட்போனைக் கொடுத்தேன். முதல் ஓட்டத்தில் "ஹார்ட் ரைட்" என்று குரல் வந்ததும் நேராக அழுத்தி ஓட்டி மோதிவிட்டார். "ரைட்டுன்னா போலாம்னுதானே அர்த்தம்" என்றார், அறையே சிரித்தது, அவரும்தான். மூன்று வருடத்தில் அவர் சிரித்து நான் கேட்டதில்லை என்று அவரை அழைத்து வந்த மகள் சொன்னார்.

ப்ளேரூமில் மாணவிதான் உட்கார்ந்தார், வீட்டுக்குப் போயும் ஆடியிருக்கிறார். பையனின் அம்மாவிடம் இன்னும் பேசவில்லை, மைதிலி அம்மா சொன்ன மாதிரியே பேசுகிறேன்.

ஐயா வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. திருச்சிப் பக்கம் யாரிடமாவது சும்மா கிடக்கும் பழைய லேப்டாப் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். பேட்டரி போயிருந்தாலும் பரவாயில்லை, சவுண்டும் கீபோர்டும் வேலை செய்தால் போதும். ஹெட்போன் நான் வாங்கிக்கொள்கிறேன்.