அக்ராவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள்

கானா போகிறவர்கள் பலர் அக்ராவில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, விடிந்ததும் கேப் கோஸ்ட் கோட்டைக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். அது பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் தலைநகரையும் நின்று பாருங்கள்.

நான் முதலில் போனது கானாவின் முதல் அதிபர் நிக்ரூமாவின் நினைவுப் பூங்கா. வெள்ளைக்காரர்கள் போலோ ஆடிய மைதானம் அது. 1957 மார்ச் 6 பிறந்த நள்ளிரவில் குவாமே நிக்ரூமா விடுதலையை அறிவித்ததும் அங்கேதான். சமாதிக்கு முன்னால்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். நான் அதிக நேரம் நின்றது தலையில்லாத அவருடைய பழைய சிலைக்கு முன்னால். 1966 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது உடைக்கப்பட்ட சிலை. தலையை யாரோ பத்திரமாக வைத்திருந்து பிற்பாடு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதை உடம்போடு ஒட்டாமல், பக்கத்தில் தனிப் பீடத்தில் வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துப் போனார்கள். தன் தலைவனைக் கொண்டாடியதையும் கீழே தள்ளியதையும் சேர்த்தே பிள்ளைகளுக்குக் காட்டுகிற ஊர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

அங்கிருந்து ஹை ஸ்ட்ரீட்டிலேயே நடந்தால், முன்பு சிறையாக இருந்த ஜேம்ஸ் கோட்டை. அந்தச் சிறைக்குள் இருந்தபடியே 1951 தேர்தலில் ஜெயித்தார் நிக்ரூமா. விடுதலையானதும் அரசாங்கத்துக்குத் தலைமை ஏற்கப் போனார்.

டாக்ஸி பிடித்து கன்டோன்மென்ட்ஸ் பகுதிக்கும் போய்வாருங்கள். அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு அங்கே இருக்கிறது, அவருடைய புத்தகங்களோடு. தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு, நிக்ரூமா அழைத்தார் என்று, ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியம் தொகுக்க வந்தவர். 1963 ஆகஸ்ட் 27 அன்று காலமானார். மறுநாள் வாஷிங்டன் பேரணியில் அந்தச் செய்தியை மேடையிலேயே அறிவித்தார்கள். அந்த அலமாரிகளுக்கு நடுவே நிற்கும்போது கண் கலங்கிவிட்டது.

*

மேலே அக்ராவைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தேன். ஜேம்ஸ் கோட்டை இருக்கும் ஜேம்ஸ்டவுன் பகுதி பற்றி நானும் சொல்கிறேன். அக்ராவுக்குப் பக்கத்து டெமா துறைமுகத்தில் வேலை பார்த்தபோது விடுமுறை நாட்களில் அங்கேதான் இருப்பேன். சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பூகோம் சந்துகளில் நடங்கள். மாலையில் குத்துச்சண்டைக் கூடங்களில் சின்னப் பையன்கள் பயிற்சி எடுப்பார்கள். உலகப் பட்டம் வென்ற ஐக் குவார்ட்டி அந்தப் பேட்டைப் பிள்ளைதான்.

பசித்தால் கென்கே. புளித்த மக்காச்சோள மாவைத் தோகையில் சுற்றி அவித்தது. பொரித்த மீனும் ஷிட்டோ என்கிற காரமான கறுப்புத் தொக்கும் தொட்டுக்கொள்ள. கருவாடு போட்டுச் செய்வதால் நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். நான் வழக்கமாக வாங்கும் ஆன்ட்டி, எந்தக் கையில் பாத்திரம் இருந்தாலும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வலது கையால்தான் சில்லறை தருவார். நீங்களும் இடது கையை நீட்டாதீர்கள். அங்கேயும் அது அவமரியாதை.

அக்ராவின் பூர்வகுடிகளான கா மக்களின் ஹோமோவோ அறுவடைத் திருவிழாவைப் பார்க்க நினைத்தால் ஆகஸ்ட்டை ஒட்டிப் போங்கள். அதற்கு முன்பு, பெரும்பாலும் மே, ஜூனில், சில வாரங்கள் நகரத்தில் பறை முழக்கத் தடை இருக்கும். முரசுக் கச்சேரி கேட்க ஆசைப்படுபவர்கள் தேதி விசாரித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.