டிரைபாயிண்ட்: ஆறாவது அச்சுப்படியிலேயே கோடு வெளிறுவது ஏன்?

சிப்புட்வாசி:
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பழைய இரும்பு விலைக்கு வாங்கிய, ரப்பர் ஷீட் இழுக்கும் வரியில்லா உருளையை அச்சு எந்திரமாக மாற்றி, டிரைபாயிண்ட் (தகட்டில் ஊசியால் கீறி, மை பூசித் தாளில் அச்செடுக்கும் முறை) பழகி வருகிறேன். செம்புத் தகட்டில் எஃகு ஊசியால் பால்மரம் ஒன்றைக் கீறினேன். முதல் இரண்டு படிகளில் பட்டையின் நிழல் வெல்வெட்டைப் போலக் கருத்து வந்தது. ஆறாவது படியில் அதே கோடுகள் பேனாவால் இழுத்தவைபோல் மெலிந்துவிட்டன. மையையும் தாளையும் மாற்றவில்லை. காரணம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

செம்புத்தகடு:
உங்கள் பக்கத்துப் பால்வெட்டுக் கத்தி பட்டையைச் சீவி எடுத்துவிடுமே, தகட்டை உளியால் செதுக்கும் அச்சு முறை அப்படிப்பட்டது. டிரைபாயிண்டில் ஊசி உலோகத்தை அகற்றுவதில்லை, ஓரத்துக்குத் தள்ளுகிறது. அங்கே எழும் பிசிறுதான் மையைப் பிடித்து வைத்து அந்த மென்கருமையைத் தருகிறது. உருளைக்கடியில் போகும் ஒவ்வொரு முறையும் பிசிறு நசுங்குவதால், செம்பில் பத்து இருபது நல்ல படிகள் கிடைத்தாலே நிறைவுதான். ஆயினும் ஆறிலேயே போவது சற்றுச் சீக்கிரம். ஊசியை 60 பாகை அளவில் சாய்த்துப் பிடித்தால் ஒரு புறம் தடித்த பிசிறு எழும். மிகவும் படுக்கவைத்தால் எழுவது எளிதில் ஒடிந்துவிடும்.

ஈரத்தாள்:
என் ஐயம் தகட்டின் மிகுதி மையைத் துடைப்பதில்தான். கஞ்சி விறைப்புள்ள வலைத்துணியால் அழுத்தித் தேய்த்தால், அச்சுக்குப் போகும் முன்பே பிசிறு போய்விடும். துணியைக் கசக்கி மென்மையாக்கி, லேசாகத் துடையுங்கள். தாளுக்கு மேல் கம்பளி விரிப்பு இருக்கிறதா? இல்லையென்றால் இரும்பு உருளை நேரே அழுத்தும். மெலிந்த தகட்டை எறிந்துவிட வேண்டாம். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1653இல் டிரைபாயிண்டில் செய்த ‘மூன்று சிலுவைகள்’ தகட்டைப் பின்னர் சுரண்டி, மீண்டும் கீறி, ஏறக்குறைய வேறு படமாகவே மாற்றினார். எனக்கு அந்த இருண்ட பிந்தைய நிலைதான் பிடிக்கும்.

முலாம்:
செம்பின்மேல் மின்முலாமாக மெல்லிய இரும்புப் படலம் ஏற்றும் முறை 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. படிகள் பல மடங்கு கூடும். சிறு பட்டறைக்கு அது வீண் செலவு என்பேன்.

சிப்புட்வாசி:
கம்பளி விரித்திருக்கிறேன், ஊசியும் சாய்வாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு படிக்குப் பிறகும் மண்ணெண்ணெய் ஊற்றிப் பழைய பல் பிரஷால் தகட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். சுத்தமாக இருக்கட்டும் என்றுதான். பிசிறைத் தேய்த்தது என் கைதான் போலிருக்கிறது. அடுத்த தகட்டை இடையில் கழுவாமல் அச்செடுத்து, எத்தனையாவது படியில் கோடு மெலிகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.